பெரிய மார்க்கெட் மாடியில ஒரு பி.ஆர். ஆபீஸ்

நம்ம பதிவர் வட்டத்துல 'பி.ஆர்.'ங்கறது ஏறக்குறைய கெட்ட வார்த்தை. ஒரு படத்தை நாலு பேர் நல்லா இருக்குன்னு எழுதினா, அஞ்சாவது ஆள் வந்து "பி.ஆர். டீம் செமையா வேலை பாக்குது"ன்னு பின்னூட்டம் போட்டுட்டுப் போவார். ஒரு எம்.எல்.ஏ. வெள்ளத்துல இறங்கி நடந்தா அது பி.ஆர். ஸ்டண்ட். நமக்குப் பிடிச்ச எம்.எல்.ஏ. நடந்தா மட்டும் மக்கள் தொண்டு. அந்த நுண்ணரசியலுக்குள்ள நான் போகலை. ஆனா பி.ஆர்.னா காசு வாங்கிட்டுப் பொய் விக்கிற தொழில்னு போற போக்குல எழுதறதைப் படிக்கும்போது எனக்குச் சொல்ல ஒண்ணு இருக்கு. பொய் விக்கறதுக்கும் முதலீடு வேணும் மக்கா. சின்ன கம்பெனிக்கு அது கட்டுப்படி ஆகாது.

எங்க பெரியம்மா பொண்ணு பாண்டிச்சேரியில ஒரு பி.ஆர். கம்பெனி நடத்தறாங்க. கம்பெனின்னு சொன்னதும் கண்ணாடிக் கட்டடம், சுழல் நாற்காலி எல்லாம் நினைச்சுக்காதீங்க. அக்காவையும் சேர்த்து மூணு பேர். ரங்கப்பிள்ளை வீதியில, பெரிய மார்க்கெட்டை ஒட்டின மாதிரி ஒரு மாடி ரூம். காலையில ஜன்னலைத் திறந்தா கொத்தமல்லி வாசனை, மத்தியானம் திறந்தா கருவாடு. கிளையண்ட் வர்ற நேரத்துல ஜன்னலை மூடிடணுங்கறது ஆபீஸ் விதி. நான் சென்னையில பொட்டி தட்டற ஆளு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அங்க போவேன். அவங்க கம்ப்யூட்டரும் எக்செல் ஷீட்டும் என் பொறுப்பு. அதனால அந்தக் கம்பெனியோட கணக்கு வழக்கு எனக்கு அத்துப்படி. அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், கிளையண்ட் பேர் எதுவும் வராது.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வரி. பெரிய மார்க்கெட்டுக்கு போர்டுல இருக்கற பேரு கூபேர் அங்காடி. 1963-ல் புதுச்சேரியோட முதல் முதலமைச்சரா வந்த எதுவார் கூபேர் பேரு. ஆனா ஆட்டோக்காரர்கிட்ட கூபேர் அங்காடின்னு சொன்னா ஒரு நிமிஷம் யோசிப்பார், பெரிய மார்க்கெட்னா உடனே வண்டியை எடுப்பார். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல காய்கறி, மீன், பூ, வாழையிலை, மளிகை, பாத்திரம்னு ஒரு தனி ஊரு அது.

அந்த ரங்கப்பிள்ளை யாருன்னு நம்ம மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1736-ல் ஆரம்பிச்சு 1761-ல் சாகற வரைக்கும் நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை. (தமிழோட முதல் பதிவர்னு நம்மாளுங்க ஒரு காலத்துல பெருமையா சொல்லிக்கிட்டதுதான்.) 1747-லிருந்து துய்ப்ளேக்ஸ்கிட்ட தலைமை துபாஷ். துபாஷ்னா ரெண்டு மொழிக்காரர். வெள்ளைக்காரத் துரைக்கு உள்ளூர் ஆளுங்க என்ன நினைக்கிறாங்கன்னு சொல்லணும், உள்ளூர் ஆளுங்களுக்குத் துரை என்ன நினைக்கிறார்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் அவரை நம்பணும், ரெண்டு பக்கமும் லேசா சந்தேகப்படும். அக்கா பண்ற வேலையும் அதேதான். ஒரு பக்கம் கிளையண்ட், இன்னொரு பக்கம் ரிப்போர்ட்டர். என்ன, பிள்ளைவாளுக்குப் பல்லக்கு இருந்தது, அக்காவுக்கு ஸ்கூட்டி.

சரி, மேட்டருக்கு வரேன்.

இந்தத் தொழில்ல தினசரி தலைவலி எங்க ஆரம்பிக்குதுன்னா, வாங்கறவருக்கு என்ன வாங்கறோம்னே தெரியாது. துணிக்கடைக்காரர் கால் பக்கம் விளம்பரம் குடுத்தா கால் பக்கம் வரும். அது அவருக்குப் புரியும். பி.ஆர்.க்கு மாசம் முப்பதாயிரம் குடுத்தா என்ன வரும்? "செய்தி வரும்"னு நினைக்கிறார். வரலைன்னா "காசு வாங்கினீங்களேம்மா"ன்னு கேக்கறார். அக்கா விக்கிறது செய்தி இல்லை. செய்தி போடறதா வேணாமான்னு முடிவு பண்றது பத்திரிகைக்காரர். அவருக்கு உபயோகமா இருக்கற மாதிரி ஒரு தகவலை, சரியான நேரத்துல, சரியான ஆள்கிட்ட, தப்பு இல்லாம கொண்டு போய் சேக்கறதுதான் அக்கா வேலை. முதல் சந்திப்புலயே இதைத் தெளிவா சொல்லிடுவாங்க. கிளையண்டும் தலையாட்டுவார். ரெண்டாவது மாசம் போன் வரும். "அந்தப் பேப்பர்ல நம்ம சமாசாரம் வரவே இல்லையே, கவர் ஏதாவது குடுக்கணுமா?"

கவர் குடுக்கறது ஒண்ணும் புதுசு இல்லை. 2009 மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல் நேரத்துல வெவ்வேறு பத்திரிகையில, வெவ்வேறு நிருபர் பேர்ல, வரி மாறாம ஒரே புகழ்பாட்டு வந்ததை பி.சாய்நாத் எடுத்து எழுதினார். அதுக்கப்புறம் பிரஸ் கவுன்சில் துணைக்குழு போட்டு 2010-ல் அறிக்கை குடுத்தாங்க. அது தேர்தல் சமாசாரம், பெரிய இடம். நான் சொல்றது அதோட சின்னத் தம்பி. கடை திறப்பு விழாவுக்கு வர்ற ரிப்போர்ட்டருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், அதுக்கு அடியில ஒரு கவர். அக்கா ஸ்வீட் பாக்ஸோட நிறுத்திடுவாங்க. அதனால சில விழாக்களுக்கு ஆள் குறைவாத்தான் வரும். கிளையண்ட் காலி நாற்காலியை எண்ணிப் பார்த்து பில்லுல கழிக்கச் சொல்வார்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தத் தொழிலோட தாத்தா ஒருத்தர் 1906-லயே இதைப் பேசி முடிச்சுட்டார். ஐவி லீன்னு ஒரு அமெரிக்கர். சுரங்க முதலாளிங்களுக்காகப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். நாங்க விளம்பர ஏஜென்சி இல்லை, நாங்க அனுப்பறது விளம்பரப் பிரிவுக்குத்தான் போகணும்னு உங்களுக்குத் தோணினா போடாதீங்க, எங்க தகவல் சரியான்னு நீங்களே விசாரிச்சுக்கலாம், நாங்க உதவறோம். இதுதான் அதோட சாரம். அதே வருஷம் பென்சில்வேனியா ரயில்வேல விபத்து நடந்தப்போ, மூடி மறைக்காம நிருபர்களை சம்பவ இடத்துக்கே கூட்டிட்டுப் போக வெச்சார். முதல் பிரஸ் ரிலீஸ் அப்போ வந்ததுன்னு பாடப் புத்தகத்துல இருக்கு. அதே மனுஷன் எட்டு வருஷம் கழிச்சு, 1914-ல் லட்லோ சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்ன விவகாரத்துல ராக்ஃபெல்லருக்காகத் தப்பும் தவறுமான தகவலைப் பரப்பினார். அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'பாய்சன் ஐவி'ன்னு பேரு வெச்சார். ஆக, கொள்கையும் அதை மீறறதும் இந்தத் தொழில்ல ஒரே ஆள்கிட்ட இருந்து ஆரம்பிக்குது.

ஆனா ஐவி லீக்கு ராக்ஃபெல்லர் பணம் பின்னாடி இருந்தது. பொய் வெளிய வந்தாலும் அடுத்த ஊர்ல ஆபீஸ் போட்டுக்கலாம். அக்கா பாண்டிச்சேரியில இருக்காங்க. காலையில டீக்கடையில பாக்கற ரிப்போர்ட்டர்தான் சாயந்தரம் பிரஸ் மீட்ல, ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல. மொத்தமே ஒரு முப்பது நாப்பது ஆள். இவங்க கிட்ட ஒரு தடவை தப்பான தகவல் குடுத்தா அடுத்த தடவை போனை எடுக்க மாட்டாங்க. அக்காவோட மொத்தச் சொத்தே அந்த நாப்பது பேர் போனை எடுக்கறதுதான். இதை ஒழுக்கம்னு சொல்லி மாலை போட நான் வரலை. கணக்கு அப்படி.

ஊர் சின்னதா இருக்கறதுல இன்னொரு அவஸ்தை, பேர் வரிசை. எந்த விழாவா இருந்தாலும் செய்திக்குறிப்புல தலைமை யாரு, முன்னிலை யாரு, வரவேற்புரை யாரு, வாழ்த்துரை யாருன்னு வரிசை இருக்கு. சட்டமன்றத்துல 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க, 3 பேர் நியமனம். இந்த அளவு ஊர்ல எல்லாருமே எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. பல் ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்குக் கூட ரெண்டு எம்.எல்.ஏ., ஒரு முன்னாள் அமைச்சர், ஒரு வணிகர் சங்கப் பிரமுகர் வருவாங்க. பேரை முன்ன பின்ன போட்டா அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு போன். பேப்பர்ல இடம் இல்லைன்னு டெஸ்க்ல கடைசி ரெண்டு பேரை வெட்டிட்டா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளையண்டோட மச்சானா இருப்பார். இதுக்குன்னு அக்கா ஒரு நோட்டு வெச்சிருக்காங்க. யாருக்கு அடுத்து யாரு, யாரு பேருக்கு முன்னாடி 'மாண்புமிகு', யாருக்கு 'டாக்டர்', யாருக்கு 'டாக்டர்' போட்டாத்தான் கோபம் வராது. நான் அதை டேட்டாபேஸா மாத்தித் தரேன்னு சொன்னேன். "வேணாண்டா தம்பி, இது கம்ப்யூட்டருக்குப் புரியாது"ன்னுட்டாங்க. ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியருக்கு இதைவிட அவமானம் வேணுமா, அவ்வ்வ்...

எனக்கு உருப்படியா வேலை இருக்கற இடம் ஒண்ணு இருக்கு. தமிழ் எழுத்துரு. இ-கலப்பை காலத்து ஆளுங்க இதைக் கேட்டா சிரிப்பீங்க, இல்லைன்னா அழுவீங்க. யூனிகோடு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னமும் கிளையண்ட் அனுப்பறது பி.டி.எஃப். விழா அழைப்பிதழ் அடிச்ச அச்சகத்துல பழைய எழுத்துருல அடிச்சு, அதை பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப்ல தட்டி விடுவாங்க. அதுல இருந்து காப்பி பண்ணிப் பாருங்க. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி அடுத்த வரியில நிக்கும். ராத்திரி எட்டரைக்கு டெஸ்க்ல உக்காந்திருக்கற உதவி ஆசிரியருக்கு அதைத் திரும்ப அடிக்கப் பொறுமை இருக்குமா? தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடுப்பார். செய்தி வராததுக்குப் பின்னாடி சதி இருக்கும், போட்டிக் கம்பெனி வேலை இருக்கும்னு கிளையண்ட் ஜல்லியடிப்பார். பாதி நேரம் காரணம் ஒரு ஒத்தைக்கொம்புதான். அக்கா ஆபீஸ்ல இப்போ எல்லாத்தையும் யூனிகோடுல, மெயில் உடம்புலயே, எந்த அலங்காரமும் இல்லாம அனுப்பறாங்க. முதல் பாரால யாரு, எங்க, எப்போ, எவ்வளவு. மும்பையில இருந்து வர்ற இங்கிலீஷ் ரிலீஸை அப்படியே மெஷின்ல குடுத்துத் தமிழாக்கி அனுப்பற பெரிய ஏஜென்சிகளோட ஒப்பிட்டா, இந்த மூணு பேர் அனுப்பறது டெஸ்க்ல மதிக்கப்படுது. என்னைக் கேட்டா அந்தக் கம்பெனியோட பெரிய பலமே இதுதான், ஆனா எந்தக் கிளையண்டும் இதுக்காகக் காசு குடுக்க மாட்டார்.

எதுக்குக் குடுப்பாருன்னா, மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு. அதுல ஒரு பெரிய நம்பர் வேணும். "உங்க செய்தி இத்தனை சதுர சென்டிமீட்டர் வந்திருக்கு, இதையே விளம்பரமா போட்டிருந்தா இத்தனை லட்சம் ஆகியிருக்கும்"னு ஒரு கணக்கு. தொழில்ல ஏ.வி.இ.னு சொல்வாங்க. சுத்த மொக்கைக் கணக்கு இது. கடையில கெட்டுப்போன பிரியாணி பத்தி அரைப் பக்கம் திட்டி வந்தாலும் இந்த ஃபார்முலாவுல அது பல லட்சம் லாபம். 2010-ல் பார்சிலோனாவுல உலகத்துல இருக்கற அளவீட்டு ஆளுங்க எல்லாம் கூடி, ஏ.வி.இ. பி.ஆரோட மதிப்பைக் காட்டாதுன்னு கொள்கையே போட்டுட்டாங்க. பார்சிலோனாவுல சொன்னது ரங்கப்பிள்ளை வீதிக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ. அந்த காலத்தை நான்தான் எக்செல்ல போட்டுக் குடுத்தேன், நான்தான் எடுக்கச் சொல்லிக்கிட்டும் இருக்கேன். அக்கா எடுக்க மாட்டேங்கறாங்க. எடுத்தா கிளையண்ட் நிக்க மாட்டாராம். இந்த ஒரு விஷயத்துல எனக்கும் அவங்களுக்கும் இன்னமும் சண்டை.

இப்போ பணம். இதை விரிவாவே சொல்றேன், ஏன்னா தொழில் தொடங்கணும்னு கனவு காணற ஆணி புடுங்கற தோழர்கள் நிறையப் பேர் படிக்கிறீங்க.

அஞ்சு கிளையண்ட், மாசம் 1,90,000 ரூபாய். வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டறதால ஜி.எஸ்.டி. கட்டாயம், 18 சதவீதம், 34,200. செலவு: ரெண்டு பேர் சம்பளம் 47,000, வாடகை 14,000, பேப்பர், போன், பெட்ரோல், கரண்ட் எல்லாம் சேர்த்து 15,000. ஆக 76,000. காகிதத்துல பார்த்தா அக்காவுக்கு லட்சத்துக்கு மேல நிக்கணும், இல்லையா? இப்போ ஒரு சாதாரண மாசத்தை எடுத்துக்கங்க. அஞ்சுல ரெண்டு பேர் குடுக்கலை. ஒருத்தர் 50,000, இன்னொருத்தர் 40,000. மிச்ச மூணு பேர் 1,00,000-க்கு ஜி.எஸ்.டி. 18,000 சேர்த்து, டி.டி.எஸ். 10,000 பிடிச்சுக்கிட்டு 1,08,000 அனுப்பறாங்க. ஆனா ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் போட்ட கணக்குக்கு. காசு வந்துச்சா வரலையான்னு அரசாங்கம் கேக்காது. அடுத்த மாசம் 20-ம் தேதி முழு 34,200-ம் கட்டியாகணும். 76,000-மும் 34,200-மும் சேர்த்தா 1,10,200. கையில இருக்கறது 1,08,000. லாபத்துல ஓடற கம்பெனி, முதலாளி சம்பளம் ஒரு பைசா எடுக்காமலே 2,200 ரூபாய் பள்ளம்.

சட்டம் இல்லாம இல்லை. 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி சின்ன நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் குடுக்கணும், தாமதிச்சா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. 2017-லிருந்து புகார் குடுக்க ஆன்லைன்ல வசதி. 2023 நிதிச் சட்டத்துல, கெடுவுக்குள்ள குடுக்காத தொகையை அந்த வருஷச் செலவா காட்டி வரி குறைக்க முடியாதுன்னும் கொண்டு வந்தாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அஞ்சு கிளையண்ட் இருக்கற கம்பெனி, ஒரு கிளையண்ட் மேல புகார் குடுத்தா மறுநாள் நாலு கிளையண்ட். அடுத்த வாரம் மூணு, ஏன்னா இவரும் அவரும் ஒரே கல்யாணத்துக்குப் போறவங்க. சட்டம் எழுதினவங்க ஊர் அளவை யோசிக்கலை.

போன வருஷம் நடந்ததைச் சொல்றேன், அப்போ நான் எதுக்கு இதை எழுதறேன்னு புரியும்.

அந்த 50,000 கிளையண்ட் சாப்பாட்டுத் தொழில். ஒரு வரவேற்புக்கு அவங்க அனுப்பின சாப்பாடு சாப்பிட்டுப் பத்துப் பதினஞ்சு பேருக்கு வாந்தி, பேதி. ஒருத்தர் வீடியோ போட்டுட்டார். ராத்திரி பதினொண்ணே காலுக்கு ஓனர் போன். மூணு கோரிக்கை. ஒண்ணு, "இது வதந்தி, போட்டியாளர் சதி"ன்னு காலைக்குள்ள ரிலீஸ். ரெண்டு, வீடியோவை எடுக்க வைக்கணும். மூணு, விசாரிக்கற ரிப்போர்ட்டரோட மேலிடத்துல விளம்பரம் பத்திப் பேசணும். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "சார், கறி எப்போ வந்தது?" அவர் "அது உங்களுக்கு எதுக்கும்மா"ன்னார்.

அக்கா வேற ஒரு குறிப்பு எழுதி அனுப்பினாங்க. பாதிக்கப்பட்டவங்க ஆஸ்பத்திரி செலவு எங்களோடது, சமையற்கூடத்தை ரெண்டு நாள் மூடறோம், உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க வந்து சோதிக்கலாம், முடிவை நாங்களே வெளியிடுவோம். எட்டு வரி. ஓனர் படிச்சுட்டு, "நீங்க எனக்கு வேலை பாக்கறீங்களா, அவங்களுக்கா?"ன்னு கேட்டார். மறுநாளே வெளியூர் ஏஜென்சி ஒண்ணு வந்தது. 'வதந்தி' ரிலீஸ் போச்சு, ரெண்டு இடத்துல வரவும் செஞ்சது. கடை இன்னிக்கும் கூட்டமா ஓடுது. அக்காவுக்கு ரெண்டு மாச பாக்கி ஒரு லட்சம் வரலை. அதுக்குக் கட்டின 18,000 ஜி.எஸ்.டி. போனது போனதுதான். நாலு மாசம் அவங்க சம்பளம் எடுக்கலை.

உண்மை ஜெயிச்சுதுன்னு சினிமா மாதிரி முடிக்க வழியில்லை. ஆனா கிளையண்டோட நலன்னு மட்டும் பார்த்தாலும் அக்கா எழுதின எட்டு வரிதான் சரின்னு நான் வாதாடுவேன். 2015 மேகி விவகாரத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. காரீயம், எம்.எஸ்.ஜி.னு புகார் வந்தப்போ நெஸ்லே மாதிரி ஒரு யானை நிறுவனம் ஆரம்பத்துல வாயே திறக்காம, அப்புறம் எங்க சோதனையில எல்லாம் சரியா இருக்குன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தது. ஜூன் 5-ம் தேதி தடை வந்தது. ஆயிரக்கணக்கான டன் நூடுல்ஸைத் திரும்ப வாங்கி சிமென்ட் ஆலை உலையில எரிச்சாங்க. ஆகஸ்ட்ல பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து பண்ணுச்சு, நவம்பர்ல திரும்பக் கடைக்கு வந்தது. சட்டப்படி அவங்க பக்கம் நியாயம் இருந்தும் அஞ்சு மாசம் கடையில சரக்கு இல்லை. யானை எழுந்து வந்துடும். பாண்டிச்சேரி சாப்பாட்டுக்கடை அடுத்த தடவை இதே மாதிரி ஆனா எழுந்து வருமா?

இதுக்கு நேர் எதிர் உதாரணம் அக்கா ஜன்னலுக்குக் கீழயே இருக்கு. 2018 ஜூன்ல கேரளா எல்லைச் சோதனைச் சாவடியில ஃபார்மலின் போட்ட மீனை லாரி லாரியா பிடிச்சாங்க. ஜூலைல சென்னையிலயும் சோதனை, கோவாவுல வெளிமாநில மீனுக்கே தற்காலிகத் தடை. டி.வி.யில நாள் பூரா அதே பேச்சு. பெரிய மார்க்கெட்ல மீன் விக்கற அம்மாக்களுக்கு எந்த பி.ஆர். ஏஜென்சி இருந்தது? அவங்க என்ன பண்ணுவாங்கன்னு மீன் வாங்கற எல்லாருக்கும் தெரியும். செவுளைத் தூக்கிக் காட்டுவாங்க. "பாரு ராசா, ரத்தமா இருக்கு பாரு. அமுக்கிப் பாரு, உன் கையாலயே அமுக்கு." சந்தேகம் வந்தவர் கையிலயே சோதிக்கற அதிகாரத்தைக் குடுத்துடறாங்க. ஐவி லீ 1906-ல் நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போனதும், அக்கா அதிகாரிங்களை சமையற்கூடத்துக்குக் கூப்பிடச் சொன்னதும் இதே செவுள்தான். செவுளைத் தூக்க முடியாத மீனுக்கு ரிலீஸ் எழுதிக் குடுன்னா எழுதறவங்க பாவம்.

பெரிய மார்க்கெட் கதையிலயும் இதே பாடத்தைப் பார்க்கலாம். 2017 ஜூன்ல ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல புதுச்சேரி வந்தது. அந்தத் திட்டத்துல பெரிய மார்க்கெட்டை இடிச்சுப் புதுசா கட்டறதும் ஒண்ணு. கட்டடம் பழசு, மழை பெய்ஞ்சா உள்ள சேறு, நெருப்பு பிடிச்சா வண்டி நுழைய முடியாது. இதையெல்லாம் எந்த வியாபாரியும் மறுக்கலை. ஆனா முழுசா இடிக்கறதுக்கு எதிர்ப்பு வந்தது, கட்டம் கட்டமா செய்யுங்கன்னு கேட்டாங்க. அவங்க பயம் எளிமையானது. திரும்பி வரும்போது என் கடை அதே இடத்துல, அதே அளவுல இருக்குமா? அதுவரைக்கும் என் வாடிக்கைக்காரர் எங்க போவார்? 2020 மார்ச்சுல ஊரடங்குக்காகக் காய்கறிக் கடைகளை புது பஸ் ஸ்டாண்டுக்கு மாத்தினப்போ இடம் மாறறதுன்னா என்னன்னு அவங்க ஒரு ரவுண்டு பார்த்துட்டாங்க. கடல் ஓரத்துல மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்து, புதுசா எழும்பித் திறப்பு விழா காண 2021 ஆச்சுங்கறதும் அவங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்துல தேவைப்பட்டது பளபள கணினிப் படம் இல்லை. புதுக் கட்டடத்துல எஸ்கலேட்டர் இருக்கா இல்லையான்னு வாழையிலைக் கடைக்காரர் கேக்கலை. கடை நம்பர் வாரியா, உங்க இடம் இது, அளவு இது, வாடகை இது, திரும்ப வர்ற தேதி இதுன்னு தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். பொதுமக்கள் தொடர்புன்னு இந்தத் தொழிலுக்குத் தமிழ்ல பேரு வெச்சிருக்கோம். அந்தத் தாளை ஒவ்வொரு கடைக்கும் கொண்டு போய் வெச்சு, பதில் கேள்வியை வாங்கிட்டு வந்து மேல சொல்ற ஆள்தான் அந்தப் பேருக்குப் பொருத்தம். ஸ்மார்ட் சிட்டித் திட்டமே 2025 மார்ச் 31-ஓட முடிஞ்சது. கட்டடம் வேணும் வேணாம்னு நான் தீர்ப்பு சொல்லலை. எனக்கு இடிக்காம சரி பண்றதுதான் பிடிக்கும், அது வேற பதிவு. ஆனா எந்தத் திட்டமா இருந்தாலும் வெளியூர்ல இருந்து பெரிய ஏஜென்சியைப் பிடிச்சு பிரஸ் மீட் வைக்கறதைவிட, மார்க்கெட்டுக்கு மேல மாடியில உக்காந்திருக்கற மூணு பேருக்கு அந்த வேலையைக் குடுத்தா வியாபாரிகள் நாலு வார்த்தை நின்னு கேட்டிருப்பாங்கன்னு நம்பறேன். பூக்காரம்மாவுக்கு அக்காவைத் தெரியும். பொய் சொன்னா மறுநாள் பூ வாங்க முடியாது.

அரசாங்க டெண்டர்ல அப்படி நடக்க வழி இருக்கான்னு பார்த்தேன். முந்தின வருஷங்கள்ல இத்தனை கோடி டர்ன்ஓவர் காட்டணும்னு முதல் பக்கத்துலயே போட்டிருப்பாங்க. வருஷத்துக்கு 22 லட்சம் பில் போடற கம்பெனி அந்தப் பக்கத்தைத் திருப்பவே தேவையில்லை.

அக்கா இப்போ ரெண்டு விஷயம் மாத்தியிருக்காங்க. புதுக் கிளையண்ட்கிட்ட மூணு மாச முன்பணம், இல்லைன்னா வேலை ஆரம்பிக்கறதில்லை. இதனால ரெண்டு பேர் வாசல்லயே திரும்பிப் போனாங்க. ரெண்டாவது, ஒப்பந்தத்துல ஒரு வரி: நாங்க சரிபார்க்காத தகவலை எங்க பேர்ல அனுப்ப மாட்டோம், அதனால நீங்க விலகினா முன்பணம் திரும்பாது. வக்கீல் அந்த வரியைப் படிச்சுட்டு சிரிச்சாராம். போட்டிருக்காங்க. இப்போ நாலு கிளையண்ட், நாலு பேரும் பாக்கி இல்லை. அஞ்சாவது ஆளுக்காக ஜன்னலை மூடிட்டு உக்காந்திருக்காங்க.

டிஸ்கி 1: புத்தகம் போட்டிருக்கற பதிவர்கள், "அக்காகிட்ட சொல்லி ரெண்டு பேப்பர்ல வர வைங்க"ன்னு எனக்குத் தனிமடல் அனுப்ப வேண்டாம். மேல எழுதினதை இன்னொரு தடவை படிங்க. புத்தகத்தை ஒரு பிரதி அனுப்புங்க, கூடவே நீங்களே எழுதின ஒரு பாரா குறிப்பு, யூனிகோடுல.

டிஸ்கி 2: பழைய எழுத்துரு பி.டி.எஃப்.ல இருந்து கொம்பும் காலும் இடம் மாறாம எழுத்தை எடுக்க, யார்கிட்டயாவது உருப்படியான ஸ்க்ரிப்ட் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னோடது 'ஔ' வந்தா படுத்துடுது.